காய்ந்த தரைக்குப் போட்ட கையெழுத்து

சுங்கை பினாங்
14 ஆகஸ்டு 1943

தம்பி கார்த்திகேசுவுக்கு அண்ணன் பக்கிரிசாமி எழுதுவது.

சுகம் கேட்பதைக் கடைசியில் வைத்துக்கொள்கிறேன். முதலில் நடந்த அநியாயத்தைச் சொல்லிவிடுகிறேன். என் மருமகள் தனலெட்சுமி கிழங்கு மாவு மில்லில் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு முறிந்து கிடக்கிறாள். மில் பதிவேட்டில் 'வேலைக்காரியின் கவனக்குறைவு' என்று எழுதி, அவள் பெயரை அடித்து, அரிசிக் கார்டையும் பிடுங்கிக்கொண்டார்கள். அது பொய். அவள் கவனக்குறைவால் விழவில்லை. தரை அவளைத் தள்ளியது.

மில் என்பது கடற்கரைப் பக்கம் இருக்கும் பழைய கப்பல் ஆபிசு. சண்டைக்கு முன் மேசை நாற்காலி போட்டிருந்த கூடத்தில் இப்போது மரவள்ளிக்கிழங்கை அரைத்து, கரைத்து, மாவு இறுத்தெடுக்கிறார்கள். தரை மழமழவென்று தேய்த்த சிவப்பு சிமெண்ட். அதன் மேல் நாள் முழுக்க மாவுத் தண்ணீர். போன மாதம் 29-ஆம் தேதி காலையில் வாளியோடு வந்தவள் கால் பறந்து விழுந்தாள். சீன வைத்தியர் மூங்கில் வைத்துக் கட்டியிருக்கிறார். மூன்று மாதம் பலகையிலிருந்து எழுந்திருக்கக் கூடாது என்கிறார்.

மகன் சயாம் ரயில் பாதைக்குப் போய் ஒரு தகவலும் இல்லை என்பது உனக்குத் தெரியும். அந்தக் கார்டில் வந்த அரிசியில்தான் அவளும் இரண்டு பிள்ளைகளும் நானும் இருந்தோம். பத்து நாளாகச் சோறு இல்லை. கிழங்கு தின்று சின்னவனுக்கு வயிறு கெட்டுவிட்டது.

மில்லின் பதிவேடு அக்கரையில், பாகானில் உங்கள் ஆபிசில் இருக்கிறது. நீ அங்கே பதிவெழுதும் கிராணி. அந்த வரியை எழுதியவன் யார் என்று பார். அவனைக் கொண்டே அதை அடிக்க வை. கார்டு திரும்பி வர வேண்டும்.

உனக்கு மலேரியா தணிந்ததா? புஷ்பவள்ளியும் பிள்ளைகளும் சுகமா? எனக்கு முழங்கால் வலி, மற்றபடி குறை இல்லை.

அண்ணன்
பக்கிரிசாமி


பாகான் டாலாம்
2603 ஆகஸ்டு 30

பாசமுள்ள அண்ணனுக்குத் தம்பி கார்த்திகேசுவின் வணக்கம். இங்கே எல்லோரும் ஒருவகையாய் இருக்கிறோம். காய்ச்சல் விட்டுவிட்டது. மருந்தின் வேகத்தில் இடது காது மட்டும் இரைகிறது. போகப் போகச் சரியாகிவிடும். தனலெட்சுமி இப்போது எப்படி இருக்கிறாள்?

உங்கள் கடிதத்தைப் படகில் சாமான் ஏற்றி வரும் ஹபீப் முகம்மது நேராக வீட்டுக்கே கொண்டு வந்தார். இனியும் அவர் கையிலேயே கொடுங்கள், தபாலில் போட வேண்டாம். இன்னொன்று, 1943 என்று போடுகிறீர்கள். இப்போது ஜப்பான்காரர் கணக்குப்படி 2603 என்றுதான் போட வேண்டும். வேறு யார் கையிலாவது சிக்கினால் அந்த ஒரு எண்ணுக்கே அறை விழும்.

பதிவேட்டைப் பார்த்தேன். நீங்கள் சொன்னபடிதான் இருக்கிறது. அன்று அவள் பேசிக்கொண்டே நடந்தாள் என்கிறார்கள். இங்கே ஒருமுறை எழுதியதை அடிக்கும் வழக்கம் இல்லை அண்ணே. எழுதியவன் யார் என்று தெரிந்து என்ன ஆகப் போகிறது? இது அப்படிப்பட்ட காலம். கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள்.

பச்சைப்பயறு ஒரு முடிச்சும் பழைய வேட்டி ஒன்றும் அனுப்பியிருக்கிறேன். வேட்டியைக் கிழித்துக் கட்டுப் போட வைத்துக்கொள்ளலாம். சின்னவனுக்குப் பயற்றங்கஞ்சி கொடுக்கச் சொல்கிறாள் புஷ்பவள்ளி.

என்றும் உங்கள் சொல்லுக்குள் இருக்கும்
கார்த்திகேசு


சுங்கை பினாங்
12 செப்டம்பர் 1943

தம்பிக்கு,

பயறு வந்தது. சின்னவன் கஞ்சி குடித்தான். தனலெட்சுமி அப்படியே இருக்கிறாள். புரள முடியவில்லை.

பேசிக்கொண்டே நடந்தாளாம். பேசினால் தரை வழுக்குமா? அப்படியானால் பாசாருக்குப் போகிற பெண்கள் ஒருத்தியும் வீடு வந்து சேர மாட்டாள்.

உனக்கு நிரூபணம்தானே வேண்டும். முந்தாநாள் நானே மில்லுக்குப் போனேன். நீ ஒரு காலத்தில் கேலி செய்த அந்தப் பெட்டியை எடுத்துக்கொண்டு போனேன். நான் கட்டட வேலையில் ஆட்களை மேற்பார்க்கும் மண்டோராக இருந்த நாளில் யாரும் சொல்லித் தராமல் நானாகச் செய்த பெட்டி. உள்ளே பத்துக் காட்டி எடையுள்ள கல். அடியில் எந்தச் செருப்புக்குப் பார்க்க வேண்டுமோ அந்தச் செருப்பின் அடி. முன்னால் மீன்காரரின் கொக்கித் தராசை மாட்டி இழுக்க வேண்டும். பெட்டி அசைகிற நேரத்தில் முள் எங்கே நிற்கிறது என்று பார்க்க வேண்டும். நல்ல தரையானால் ஐந்து காட்டி இழுத்தால்தான் அசையும். நாலுக்குக் கீழே போனால் அங்கே ஆள் நடக்கக் கூடாது.

வாசல் காவல்காரன் தராசைப் பார்த்துவிட்டு, "என்னா பெரியவரே, இங்க மீனு விக்கிறதில்லலா" என்றான். தனலெட்சுமியோடு வேலை செய்யும் சல்மா ஓடி வந்து, "எங்க மாமா. சாக்கடை அடைச்சிருக்கு, பாக்க வந்திருக்காரு" என்று உள்ளே அழைத்துப் போனாள். பெண்கள் சாப்பிடும் நேரம். மேற்பார்வை செய்யும் ஜப்பான்காரன் இல்லை.

"இது என்னா மாமா, பொம்மை வண்டியா?" என்றாள் சல்மா.

"தரை எவ்வளவு பிடிக்குதுன்னு பாக்கிறேன்."

"அத எங்கிட்ட கேட்டிருந்தா வீட்டுலயே சொல்லிருப்பேன். நாங்க இங்க நடக்கிறதில்ல மாமா, நீந்துறோம்."

தனலெட்சுமி அன்று போட்டிருந்த கட்டைச் செருப்பை அறுத்துப் பெட்டியின் அடியில் அடித்திருந்தேன். வெறும் தண்ணீரில் இரண்டரை காட்டி. மாவுத் தண்ணீரில் ஒன்றரை. கட்டைச் செருப்பு இல்லாதவர்கள் வெறுங்காலோடு நடக்கிறார்கள் என்பதால், நனைத்த ஆட்டுத்தோலை அடித்தும் பார்த்தேன். ஒன்றே கால். ஒவ்வொன்றும் ஐந்து முறை இழுத்தது. தாளில் எழுதி இத்துடன் வைத்திருக்கிறேன். உன் பெரிய கிராணியின் மேசையில் வை.

அந்த வரியை எழுதியவன் யார் என்று கேட்டிருந்தேன். நீ பதில் எழுதவில்லை.

உன் காதுக்குப் பூண்டு காய்ச்சிய எண்ணெய் இரண்டு சொட்டு விடு.

அண்ணன்
பக்கிரிசாமி


பாகான் டாலாம்
2603 அக்டோபர் 9

அன்புள்ள அண்ணனுக்கு வணக்கம். நாங்கள் இருக்கிறோம். உங்கள் முழங்கால் எப்படி? தனலெட்சுமி உட்காரத் தொடங்கினாளா? எண்ணெய் கிடைக்கவில்லை. காது அப்படியேதான்.

உங்கள் தாளைப் பெரிய கிராணியிடம் கொடுத்தேன். அவர் படித்தார். படித்துவிட்டு அந்தக் கட்டடத்தின் பழைய கோப்பை எடுத்து வரச் சொன்னார். அதில் 1940 மார்ச்சு மாதத்துக் காகிதம் ஒன்று இருந்தது. 'இந்தத் தரை சோதித்துப் பார்க்கப்பட்டது, நடமாட்டத்துக்குப் பாதுகாப்பானது' என்று எழுதிக் கீழே கையெழுத்து. அந்தக் கையெழுத்தை நான் சின்ன வயதிலிருந்து பார்த்து வருகிறேன் அண்ணே. அப்பா இறந்த பிறகு என் பள்ளிக்கூடக் கார்டில் மாதாமாதம் விழுந்த கையெழுத்து அது.

பெரிய கிராணி சிரித்தார். "உங்க அண்ணனே பாஸ் போட்ட தரைலா இது. அப்ப வழுக்கல, இப்ப அவரு வீட்டு ஆளுக்கு மட்டும் வழுக்குதா?" என்றார்.

நீங்கள் மூன்று பக்கம் எழுதியும் இதை ஏன் எழுதவில்லை என்று நான் கேட்கவில்லை.

கார்த்திகேசு


பாகான் டாலாம்
2603 நவம்பர் 20

அண்ணனுக்கு வணக்கம். உடம்புக்கு ஒன்றுமில்லையே?

ஆறு வாரமாக உங்களிடமிருந்து ஒரு வரி இல்லை. ஹபீப் முகம்மதிடம் கேட்டேன். "ஒங்க அண்ணன் நல்லாத்தான் இருக்காரு. லெட்டர வாங்குனாரு, படிச்சாரு, மடிச்சாரு. போறப்பெல்லாம் தேத்தண்ணி குடுக்கிறாரு. வாய மட்டும் தொறக்க மாட்டேங்கிறாரு" என்கிறார்.

போன கடிதத்தில் குத்தலாக எழுதிவிட்டேன். அதை எழுதும் உரிமை எனக்கு இல்லை. காரணத்தைச் சொல்லிவிடுகிறேன்.

நீங்கள் தேடுகிற ஆள் நான்தான். அந்த வரியை எழுதியது நான். ஜூலை 30-ஆம் தேதி மில்லின் ஜப்பான்காரர் படகேறி இங்கே வந்தார். விபத்துக்குக் காரணம் எழுத வேண்டும் என்றார். பெயரைப் பார்த்தேன். நம் தனம் என்று தெரிந்துதான் பேனாவை எடுத்தேன். 'தரை ஈரம்' என்று ஆரம்பித்தேன். துபாஷி அதைப் படித்துச் சொன்னதும் அறை விழுந்தது. பிறகு அவர் சொல்லச் சொல்ல எழுதினேன். காது இரைவது மருந்தால் அல்ல.

பேசிக்கொண்டே நடந்தாள் என்று யாரும் என்னிடம் சொல்லவில்லை. நானாகச் சேர்த்து உங்களுக்கு எழுதினேன்.

மில்லில் இன்னும் இரண்டு பெண்கள் விழுந்திருக்கிறார்கள். ஒருத்திக்கு மணிக்கட்டு. அந்த இரண்டு வரியும் என் எழுத்துதான். அதே வாசகம்.

திட்டியாவது எழுதுங்கள்.

கார்த்திகேசு


சுங்கை பினாங்
5 டிசம்பர் 1943

தம்பிக்கு அண்ணன் எழுதுவது. இங்கே யாருக்கும் புதிதாக நோவில்லை. தனலெட்சுமி சாய்ந்து உட்காருகிறாள். இடது கால் குட்டையாகிவிட்டது. அரிசி இன்னும் இல்லை.

உன் இரண்டு கடிதமும் கிடைத்தன. உன்னை மன்னித்தேனா என்று கேட்காதே. அதை நான் யோசித்து முடிக்கவில்லை. என் விஷயத்தையே முடிக்க இரண்டு மாதம் ஆகிவிட்டது.

1940-இல் அந்தத் தரைக்கு நான்தான் கையெழுத்துப் போட்டேன். அது மறக்கிற விஷயம் அல்ல. உனக்கு முதல் கடிதம் எழுதும்போதே மனதில் இருந்தது. எழுதவில்லை.

அன்று என்ன செய்தேன் என்று சொல்கிறேன். அது கப்பல் ஆபிசு. வரப் போகிறவர்கள் சப்பாத்து போட்ட ஆட்கள். ஆகவே பெட்டியின் அடியில் சப்பாத்துத் தோலை அடித்தேன். காய்ந்த தரையில் இழுத்தேன். ஐந்தரை காட்டி. நல்ல தரை என்று எழுதிக் கொடுத்தேன். என்ஜினியர் துரை தலையை ஆட்டினார்.

அந்தத் தரையைப் பூசித் தேய்த்த பதினாலு பேரும் வெறுங்கால். தினமும் அதில் தண்ணீர் ஊற்றித் துடைக்கப் போகிற பெண்களும் வெறுங்கால். பெட்டியை இழுத்த நானும் வெறுங்காலோடுதான் நின்றேன். நான் நிற்கிற தரையை என் காலுக்குப் பார்க்க வேண்டும் என்று எனக்குத் தோன்றவே இல்லை. அப்போது தோன்றியிருந்தால் தரையைச் சொரசொரப்பாக விட்டிருப்பேன். ஒரு நாள் கூலியில் முடிகிற வேலை.

தனலெட்சுமியிடம் சொன்னேன். "அப்ப பாஸ் போட்டது நீங்கதானா மாமா?" என்றாள். சுவர்ப்பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். மூன்றாம் நாள், "சரி, இப்ப என்னா செய்யப் போறீங்க?" என்றாள்.

என்ன செய்யப் போகிறேன் என்றால், என் பழைய காகிதம் செல்லாது என்று காரணத்தோடு எழுதியிருக்கிறேன். இத்துடன் இருக்கிறது. இங்கிலீஷில் ஆக்கி என் பெயரில் கோப்பில் வை. மூன்று பெண்களின் வரியும் அடிபட வேண்டும்.

காது உள்ளே சீழ் வைக்கிறதா என்று பார். வைத்தால் சும்மா இருக்காதே.

அண்ணன்
பக்கிரிசாமி


பாகான் டாலாம்
2603 டிசம்பர் 21

அண்ணனுக்கு வணக்கம். சீழ் இல்லை. இரைச்சல் மட்டும்தான்.

உங்கள் காகிதத்தை மூன்று நாள் வைத்திருந்துவிட்டுத் திருப்பி அனுப்புகிறேன். ஒரு தரை கெட்டது என்று தெரிந்தும் நல்லது என்று எழுதினேன் என்று நீங்களே சொல்வதுபோல் அது இருக்கிறது. நீங்கள் அப்படிச் சொல்லவில்லை என்று எனக்குத் தெரியும். ஆனால் அவர்கள் அப்படித்தான் படிப்பார்கள். போன வாரம் எங்கள் வீட்டு வரிசையில் ஒருவரை இதைவிடச் சின்ன விஷயத்துக்கு அழைத்துப் போனார்கள். அவர் சட்டை மட்டும் கொடியில் காய்கிறது.

புஷ்பவள்ளி சொல்கிறாள், "ஒங்க அண்ணனுக்கு எப்பவும் தரைதான் பெரிசு. தரையில நிக்கிற ஆளு உசுரோட இருக்கணும்லா?" அவள் பேசுவது பயத்தில். எனக்கும் அதே பயம்தான். என்னால் முடியாது அண்ணே.

அரிசி கொஞ்சம் சேர்த்து வைத்திருந்தேன். அனுப்பியிருக்கிறேன். பிள்ளைகளுக்கு மட்டும்.

கார்த்திகேசு


சுங்கை பினாங்
16 ஜனவரி 1944

தம்பிக்கு,

அரிசியைக் கஞ்சியாக்கிப் பிள்ளைகளுக்குக் கொடுத்தேன். புஷ்பவள்ளி சொன்னது சரி. நின்றவள் உயிரோடு இருக்க வேண்டும் என்றுதான் தரையைப் பார்க்கிறேன்.

நீ முடியாது என்றதால் நானே போனேன். போன திங்கட்கிழமை பெட்டியோடும் தராசோடும் மில் வாசலில் நின்றேன். ஜப்பான்காரன் வந்தான். துபாஷியிடம் என் காகிதத்தைக் கொடுத்தேன். அவன் பாதி படித்துவிட்டு, "பெரியவரே, இத நான் சொல்லணுமா? வீட்டுக்குப் போங்கலா" என்றான். சொல்லு என்றேன். சொன்னான்.

முதலில் இரண்டு அறை. என் கையெழுத்துக்காக என்றான் துபாஷி. அது நியாயம்தான் என்று நினைத்துக்கொண்டேன். பிறகு ஜப்பான்காரன், பெட்டியிலிருந்த கல்லைத் தலைக்கு மேல் தூக்கிக்கொண்டு முற்றத்து வெயிலில் நிற்கச் சொன்னான். பத்துக் காட்டி. பன்னிரண்டு மணி சங்கு ஊதும்வரை நின்றேன். இரண்டு முறை கீழே வைத்தேன், இரண்டு முறையும் உதைத்தான். சல்மா தண்ணீர் கொண்டு வந்தாள். அவளை விரட்டிவிட்டான்.

சங்கு ஊதிய பிறகு வந்தான். ஆபிசு அறையில் போட்டுக்கொள்ளும் கட்டைச் செருப்பு அவன் காலில் இருந்தது. கல்லைப் பெட்டியில் வைக்கச் சொன்னான்; அதன் அடியில் தனலெட்சுமியின் கட்டைச் செருப்பை அடித்திருந்தேன். மாவுத் தண்ணீர் ஓடுகிற இடத்தில் தானே தராசைப் பிடித்து இழுத்தான். ஒன்றரை. இன்னொரு முறை இழுத்தான். மூன்றாம் முறையும் இழுத்தான். தன் செருப்பைக் கழற்றித் திருப்பி அடிப்பக்கம் பார்த்தான். வெறுங்காலோடு சுவரைப் பிடித்துக்கொண்டே போய்விட்டான்.

புதன்கிழமை மேஸ்திரி வந்து உளியால் தரையைக் கொத்த ஆரம்பித்துவிட்டான். உத்தரவுத் தாளில் ஜப்பான்காரனின் முத்திரை இருக்கிறது. நகல் உங்கள் ஆபிசுக்கு வரும். தரையைக் கொத்தச் சொன்னவன் பதிவேட்டைப் பற்றிப் பேசவில்லை. தரை கெட்டது என்று உத்தரவு சொல்கிறது. விழுந்தவள் கெட்டவள் என்று பதிவேடு சொல்கிறது. இரண்டும் ஒரே அலமாரியில் இருக்கப் போகின்றன.

என் பழைய காகிதம் செல்லாது என்று நான் சொல்லியாகிவிட்டது. அந்த வரி உன் எழுத்து. அதை நான் அடிக்க முடியாது.

தோள் தூக்க முடியவில்லை. அதனால்தான் எழுத்து இப்படி இருக்கிறது. நீங்கள் எல்லோரும் சுகமாக இருங்கள்.

பக்கிரிசாமி


பாகான் டாலாம்
2604 பிப்ரவரி 2

அண்ணனுக்குத் தம்பியின் நமஸ்காரம். தோள் எப்படி இருக்கிறது? ஹபீப் முகம்மதிடம் தைலம் கொடுத்திருக்கிறேன்.

அடித்துவிட்டேன். மூன்று வரியையும். தரையைக் கொத்தும் உத்தரவின் நகலைப் பதிவேட்டில் ஒட்டி, அதன் கீழே 'தரை வழுக்கியதால்' என்று எழுதி, என் பெயரைப் போட்டேன். பெரிய கிராணி பார்த்துவிட்டு, "ஒனக்கு மிச்சம் இருக்கிற காதும் வேணாமாலா?" என்றார். ஆனால் தடுக்கவில்லை. ஜப்பான்காரர் வந்த அன்று பதிவேட்டைத் திறந்து முன்னால் வைத்தேன். அவர் தன் முத்திரையையே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு என் வரியின் பக்கத்திலும் முத்திரை வைத்தார்.

கார்டு மார்ச்சு முதல் தேதியிலிருந்து செல்லும். ஆனால் ஒரு நிபந்தனை. வேலை இடத்தில் இருப்பவர்களுக்குத்தான் அரிசி. தனலெட்சுமி தினமும் மில்லுக்கு வர வேண்டும். உட்கார்ந்து கிழங்கு தோல் சீவலாம். இதற்கு மேல் என்னால் வாங்க முடியவில்லை அண்ணே.

உங்கள் பதிலுக்குக் காத்திருக்கும்
கார்த்திகேசு


சுங்கை பினாங்
10 பிப்ரவரி 1944

தம்பி கார்த்திகேசுவுக்கு,

தைலம் போட்டதில் தோள் காதுவரை தூக்க வருகிறது. உன் கடிதத்தைத் தனலெட்சுமிக்குப் படித்துக் காட்டினேன். அவள் பெரியவளைக் கூப்பிட்டுச் சோற்றுப் பானையைக் கழுவி வைக்கச் சொன்னாள்.

இனி ஆக வேண்டியதை எழுதுகிறேன். யார் செய்வது என்றும் எழுதுகிறேன்.

நீ, கார்டை இந்த மாதம் இருபத்தைந்துக்குள் ஹபீப் முகம்மது கையில் கொடு. மற்ற இரண்டு பெண்களின் கார்டும் அதோடு வர வேண்டும். அவர்களுக்குக் கேட்க ஆள் இல்லை.

ஹபீப் முகம்மது, முதல் தேதி காலையில் சாமான் தள்ளுகிற வண்டியோடு வந்து அவளை மில் வாசலில் இறக்க வேண்டும். சொல்லியாகிவிட்டது. அவருக்கு வேலை இருக்கிற நாளில் நான் தள்ளுவேன்.

சல்மா, வாசல் பக்கத்தில் பெட்டி ஒன்றைப் போட்டு இடம் பிடித்து வைக்க வேண்டும். மாவுத் தண்ணீரை மணிக்கு ஒருமுறை வாசலுக்கு எதிர்ப்புறம் தள்ளிவிட வேண்டும்.

மேஸ்திரி, தொட்டியடியில் முழ அகலம் கொத்தாமல் விட்டிருக்கிறான். குழாய் போகிறது என்கிறான். குழாய் அங்கே போகவில்லை, எனக்குத் தெரியும். அதையும் கொத்த வேண்டும். கொத்திய இடத்தில் நனைத்த ஆட்டுத்தோலுக்கு நாலேகால் வருகிறது. ஐந்து வரும்வரை நான் விடப் போவதில்லை.

தனலெட்சுமி, வைத்தியர் சொல்லும்வரை இடது காலை ஊன்றக் கூடாது. நான் சொன்னால் கேட்க மாட்டாள். புஷ்பவள்ளி ஒரு வரி எழுதட்டும்.

நான், சப்பாத்துத் தோலை மட்டும் அடித்துப் பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போட்ட தரைகள் இன்னும் பதினொன்று இருக்கின்றன. நினைவில் இருந்ததை எழுதிவிட்டேன். ஆஸ்பத்திரி வராந்தா ஒன்று, பள்ளிக்கூடக் கூடம் இரண்டு, ஒரு பாசார், கிட்டங்கிகள், மற்றவை. ஒவ்வொன்றையும் ஈரத்தில், ஆட்டுத்தோலுக்கும் கட்டைச் செருப்புக்கும் மறுபடி பார்க்க வேண்டும். வாரத்துக்கு ஒன்று என்றால் வைகாசிக்குள் முடியும். விடுகிற இடத்தில் பார்ப்பேன். விடாத இடத்தில் வாசலில் நிற்பேன்.

பதினோராவது, உங்கள் ஆபிசின் மாடிப்படி. 1938-இல் நான் பாஸ் போட்டது. மழைச் சாரல் அடிக்கிற படி. எனக்குப் படகுப் பாஸ் கிடைத்து, நான் வந்து பார்க்கும்வரை, நீ கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு இறங்கு.

அண்ணன்
பக்கிரிசாமி